ஆறும்போது முதுகுப்பக்கம் வளையும் மட்டப்பலகை அலகும், அந்த வளைவைக் காட்டாத கணிப்பும்

கல்லடி உலைக்களம்

வணக்கம். கல்லடியில் என் மாமா நடத்தும் பட்டறையில், உழவு இயந்திரத்தின் பின்னால் இழுக்கும் மட்டப்பலகையின் அடியில் பூட்டுகின்ற உருக்கு அலகுகளைப் பழைய லொறி வில்லுத் தகட்டிலிருந்து காய்ச்சி அடித்துச் செய்கிறோம். அலகு 600 மில்லிமீற்றர் நீளமும் 70 மில்லிமீற்றர் அகலமும் உடையது. முதுகில் 8 மில்லிமீற்றர் தடிப்பு. வாய்ப்பக்கம் 3 மில்லிமீற்றராக மெலிந்து வரும். அடித்து முடித்ததும் மறுபடி ஏறத்தாழ 900 பாகை செல்சியசுக்குக் காய்ச்சி, நேர்ச்சட்டத்தில் வைத்துப் பார்த்து, இரண்டு இரும்புக் கம்பிகளின் மேல் கிடத்தி ஆறவிடுகிறோம். சிவந்திருக்கும்போது நேராக இருக்கும் அலகு, கைபடும் சூட்டுக்கு வரும்போது முதுகு உட்குழிந்து, வாய் வெளியே பிதுங்கி, நடுவில் 2 மில்லிமீற்றர் அளவுக்கு வளைந்துவிடுகிறது. பலகையின் துளைகளும் அலகின் துளைகளும் பொருந்துவதில்லை. குளிர்ந்த பின் தட்டி நிமிர்த்த முயன்றால், சில அலகுகள் வாய்ப்பக்கத்தில் வெடித்துவிடுகின்றன.

படித்த படிப்புக்கு ஒரு வேலை கொடுப்போம் என்று, கட்டணமில்லாத கல்குலிக்ஸ் மென்பொருளில் முடிவுள்ள மூலக முறையில் (பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணிக்கும் முறை) இதைக் கணித்துப் பார்த்தேன். ஒரு முனையைப் பிணைத்து, கதிர்வீசல் திறனை 0.8 என்றும் காற்று வெப்பத்தை எடுத்துச் செல்லும் மேற்காவுகையின் குணகத்தைச் சதுர மீற்றருக்குப் பாகைக்கு 10 வாற்று என்றும் கொடுத்தேன். விரிகைக் குணகம் மில்லியனில் 12 என்ற மாறிலி. உருக்கு நிலையாக வளையத் தொடங்கும் இளகும் தகைப்பை மட்டும் வெப்பநிலையோடு குறையவிட்டேன். கணிப்பில் வந்த நிலையான வளைவு 0.2 மில்லிமீற்றர்தான். பத்தில் ஒரு பங்கு! எதை விட்டுவிட்டேன் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

எண்கணிப்பு

தம்பி, வளைவைப் பார்ப்பதற்கு முன் நீளத்தைப் பாருங்கள். உங்கள் மாதிரியில் அலகு மொத்தம் எவ்வளவு சுருங்குகிறது? மில்லியனில் 12 என்ற மாறிலியோடு 900 பாகையிலிருந்து 30 பாகைக்கு வந்தால் 6.3 மில்லிமீற்றர் சுருங்கும். ஐரோப்பியக் கட்டமைப்பு நியமம் 3-இல் தீயைப் பற்றிய 1-2 ஆம் பகுதி தரும் நீட்சிச் சமன்பாட்டை எடுத்தால், 900 பாகையில் விகாரம் (நீளம் மாறும் பங்கு) 1.18 சதவீதம், அதாவது 600 மில்லிமீற்றரில் 7 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். அந்த நியமத்தின் வரைபில் 750 பாகைக்கும் 860 பாகைக்கும் இடையில் நீட்சி ஏறாமல் மட்டமாகக் கிடக்கும். உருக்கின் உள்ளமைப்பு மாறுகின்ற இடம் அதுதான். மாறிலியைக் கொடுத்ததும் அந்த மேடு முழுவதும் உங்கள் கணிப்பிலிருந்து அழிந்துவிட்டது.

அட்டவணையாகக் கொடுக்கும்போது ஒரு பொறி உண்டு, நானும் அதில் விழுந்தவன். நூல்களில் உள்ள குணகங்கள் பெரும்பாலும் 20 பாகையிலிருந்து அளந்த சராசரிக் குணகங்கள். உங்கள் பொருளோ 900 பாகையில் விகாரமின்றித் தொடங்குகிறது. எந்த வெப்பநிலையைச் சுழியமாகக் கொண்டு அக்குணகம் அளக்கப்பட்டது என்பதை மென்பொருளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது தானாகவே ஒரு சுழியத்தை எடுத்துக்கொண்டு, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தவறான சுருக்கத்தைத் தரும்.

இன்னொன்று, முனையைப் பிணைக்கக் கூடாது. கம்பியின் மேல் கிடக்கும் அலகை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. மூன்று புள்ளிகளில், முறையே மூன்று, இரண்டு, ஒரு திசை என்று மொத்தம் ஆறு அசைவுகளை மட்டும் தடுத்தால் போதும்.

கல்லடி உலைக்களம்

நன்றி அண்ணன். பிணைப்பை நீக்கி, மாறிலிக்குப் பதிலாகச் சராசரிக் குணகங்களைக் கொடுத்து, அவற்றின் சுழியத்தையும் 20 பாகை என்று திருத்தினேன். சுருக்கம் 7.1 மில்லிமீற்றர் வருகிறது; வளைவு 0.4 மட்டும். என் ஐயம் இப்போது தடிப்பின் மேல் விழுகிறது. அலகின் கீழ்ப்பக்கம் சீமெந்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் மெதுவாக ஆறுகிறது, மேற்பக்கம் கூரையைப் பார்த்து விரைவாக ஆறுகிறது. அந்த ஏற்றத்தாழ்வை நான் சரியாகக் கொடுக்கவில்லையோ?

ஒலுவில் மாணவி

அண்ணா, தடிப்பு இங்கே குற்றவாளி அல்ல என்று நினைக்கிறேன். முதலில், வளைவு வேறு திசையில் இருக்கிறது. மேலும் கீழும் சமமின்றி ஆறினால் அலகு தட்டையின் பக்கமாகக் குழிய வேண்டும். நீங்கள் சொல்வதோ முதுகு நோக்கிய வளைவு. அது அகலத்தின் வழியாக வருவது.

ஒரு கணக்கும் போட்டேன். 900 பாகையில் கதிர்வீசலால் ஒரு சதுர மீற்றரிலிருந்து ஏறத்தாழ 85,000 வாற்று வெளியேறுகிறது. மேற்காவுகையால் போவது 8,700 வாற்று மட்டும். இரண்டையும் சேர்த்து ஒரே குணகமாக்கினால் 108 வருகிறது. அரைத்தடிப்பு 4 மில்லிமீற்றர். அந்தச் சூட்டில் உருக்கின் வெப்பக் கடத்துதிறன் 27. வெப்பம் உள்ளே ஓடுவதையும் வெளியேறுவதையும் ஒப்பிடும் பயோ எண் 0.016. அது 0.1-க்குக் கீழே இருந்தால் தடிப்பின் உள்ளும் புறமும் ஒரே சூடு என்று கொள்ளலாம். ஒரு பக்கத்தால் மட்டுமே வெப்பம் போனாலும் இரண்டு முகங்களுக்கிடையில் 13, 14 பாகைக்கு மேல் வேறுபாடு நிற்காது.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பிடிப்பில்லாத ஒரு தகட்டின் குறுக்கே வெப்பநிலை நேர்கோடாக ஏறினால், தகடு வளையும், ஆனால் அதற்குள் தகைப்பு (உள்ளே இழுக்கும், தள்ளும் விசை) எதுவும் தோன்றாது. தகைப்பு இல்லையென்றால் நிலையான விகாரம் இல்லை. சூடு சமமானதும் தகடு தானாக நிமிர்ந்துவிடும். ஆகவே, ஏற்றத்தாழ்வாக ஆறியதால் வளைந்தது என்ற விளக்கம் பாதிதான். நேர்கோட்டிலிருந்து விலகிய பகுதி எவ்வளவு, அந்த நேரத்தில் உருக்கு எவ்வளவு மென்மையாக இருந்தது என்ற இரண்டையும் சேர்த்தே நிலையான வளைவைக் கணிக்க முடியும்.

உங்கள் அலகின் அகலத்தில் இந்த விலகல் நிறையவே இருக்கும். 900 பாகையிலிருந்து 700 பாகைக்கு இறங்க 8 மில்லிமீற்றர் முதுகுக்கு ஏறத்தாழ 60 செக்கன் வேண்டும். 3 மில்லிமீற்றர் வாய்க்கு 23 செக்கன் போதும். அந்த 60 செக்கனில் வெப்பம் உருக்குக்குள் ஊடுருவும் தூரம் 18 மில்லிமீற்றர் அளவுதான். 70 மில்லிமீற்றர் அகலத்தைச் சமப்படுத்த அது போதாது.

வாவிக்கரை

தண்டவாளம் உருட்டும் ஆலைகளில் இது பழைய செய்தி. தண்டவாளத்தின் தலை கனமானது, அடி அகலமும் மெல்லியதும். குளிர்ப்பு மேடையில் நேராக வைத்தால், கடைசியில் ஆறும் தலைப்பக்கம் உட்குழிந்து வளையும். அதனால் சூடாக இருக்கும்போதே எதிர்ப்பக்கம் வளைத்து மேடையில் வைப்பார்கள். ஆறியதும் ஏறத்தாழ நேராக வரும், மிச்சத்தை உருளைகளுக்கிடையில் விட்டு நிமிர்த்துவார்கள். உங்கள் மாமாவின் பட்டறைக்கல் தண்டவாளத் துண்டாக இருந்தால் (நம் பக்கத்தில் பெரும்பாலும் அதுதானே) அதுவும் இந்த வழியாக வந்ததுதான். உங்கள் முதுகு அதன் தலையைப் போன்றது. சூட்டிலேயே 2 மில்லிமீற்றர் எதிர்ப்பக்கம் வளைத்து ஆறவிட்டுப் பார்க்கலாமே?

கல்லடி உலைக்களம்

பார்த்தோம் ஐயா. சில அலகுகள் நேராக வந்தன, சில மறுபக்கம் வளைந்தே நின்றன. எல்லாம் ஒரே அளவில் வளைவதில்லை என்பதுதான் சிக்கல்.

நியமத்திலுள்ள நீட்சி அட்டவணையையும் தன்வெப்பக் கொள்ளளவையும் இப்போது முழுமையாகக் கொடுத்திருக்கிறேன். வளைவு ஒரு முறை 0.7 என்றும், நேரப்படியை மாற்றி ஓட்டியபோது 0.5 என்றும் வருகிறது. நேரப்படியை மாற்றினால் விடை மாறுவது நல்ல அறிகுறி அல்ல என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

எண்கணிப்பு

எத்தனை செக்கன் படி கொடுத்தீர்கள்? 10 என்றால் காரணம் அதுவே. அந்தத் தன்வெப்பக் கொள்ளளவு 735 பாகையில் கிலோகிராமுக்குப் பாகைக்கு 5,000 யூல் வரை ஊசிபோல் எழும்பி இறங்குகிறது. செக்கனுக்கு 3 பாகைக்கு மேல் இறங்கும் அலகில் 10 செக்கன் படி என்பது 30 பாகைத் தாவல். ஊசியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாண்டிப் போய்விடுகிறீர்கள். உள்ளமைப்பு மாறும்போது வெளிவரும் மறைவெப்பம் கணக்கிலேயே ஏறவில்லை. அந்த இடத்தில் படியை அரைச் செக்கனாக்குங்கள், அல்லது கொள்ளளவுக்குப் பதிலாக வெப்ப உள்ளடக்கத்தையே மாறியாக எடுத்து எழுதுங்கள்.

ஆனால் இதையெல்லாம் திருத்தினாலும் ஒரு அடிப்படைக் குறை நிற்கும். அந்த நியமம் கட்டடங்களில் பயன்படும் குறைந்த கரிமமுள்ள உருக்குக்கும், அது தீயில் சூடேறுவதற்கும் எழுதப்பட்டது. உங்களிடம் இருப்பதோ வில்லு உருக்கு, அதுவும் ஆறுகின்ற வழியில். ஆறும்போது மாற்றம் 735 பாகையில் நடக்காது. ஆறும் வேகம் கூடக் கூட அது கீழே தள்ளிப்போகும்.

காரைதீவுக் கொல்லன்

உங்கள் எண்களில் பாதி எனக்கு விளங்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் நாற்பது ஆண்டுகளாக உலையடியில் நிற்பவன் என்ற முறையில் இரண்டு கேள்விகள் கேட்கிறேன்.

தம்பி, இந்த அலகை இருட்டில் ஆறவிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பட்டறையின் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். செம்மை மங்கிக்கொண்டே வரும்போது ஓரிடத்தில் ஒரு நிழல் கறுத்து, அதன் பின்னால் இரும்பு மறுபடி ஒருமுறை சிவந்து, பிறகு அணையும். அந்த நிழல் மெல்லிய பக்கத்தில் தொடங்கித் தடித்த பக்கத்துக்கு ஓடும். மகள் எழுதிய அந்த 23 செக்கனும் 60 செக்கனும் சரியா பிழையா என்பதை அந்த நிழலைக் கடிகாரத்தோடு பார்த்தே அறிந்துகொள்ளலாம்.

இரண்டாவது கேள்வி: ஆறிய அலகின் வாயில் அரம் பிடிக்கிறதா, வழுக்குகிறதா? நிமிர்த்தும்போது வாய் வெடிக்கிறது என்று முதலிலேயே எழுதியிருந்தீர்கள். யாரும் அதைத் தொடவில்லை. தோய்ச்சல் பிடிக்காத, அதாவது கடினமாகாத இரும்பு தட்டினால் மடங்கும், வெடிக்காது. லொறி வில்லு மெல்லிசாக வந்தால் தண்ணீரும் எண்ணெயும் இல்லாமலே, காற்றிலேயே கொஞ்சம் தோய்ச்சல் பிடித்துக்கொள்ளும். கச்சான் வீசும் மாதங்களில் இது கூடும். வாடைக்காற்று மாதங்களில் மழைக்குக் கதவைச் சாத்திவிட்டு வேலை செய்வதால் குறையும். உங்கள் அலகுகள் எந்த மாதத்தில் கூடுதலாக வளைகின்றன?

கல்லடி உலைக்களம்

ஐயா, மாமாவிடம் கேட்டேன். சிறுபோக வேலைகளுக்காகச் செய்யும் அலகுகள்தாம் தொல்லை என்றார். பெரும்போகத்துக்கு முன் மழை நாட்களில் செய்தவை அவ்வளவு வளையவில்லையாம். எங்கள் பட்டறையின் பெரிய கதவு மேற்கே பார்த்தது. கச்சான் நேரே உள்ளே வரும்.

அரத்தைப் போட்டுப் பார்த்தேன். வாயிலிருந்து இரண்டு விரலுக்குச் சற்றுக் குறைவான அகலத்துக்கு, கதவுப்பக்கம் இருந்த அலகுகளில் அரம் வழுக்குகிறது. மூலையில் ஆறிய அலகுகளில் ஆங்காங்கே மட்டும் வழுக்கியது. முதுகில் எல்லாவற்றிலும் நன்றாகப் பிடிக்கிறது. இருட்டில் நிழலையும் பார்த்தேன். முதுகில் தெளிவாக ஓடியது. கதவுப்பக்கத்து அலகின் வாயில் அந்த மறுசிவப்பு தெரியவே இல்லை.

ஒலுவில் மாணவி

வாயில் மறுசிவப்பு தெரியாமல் போனதுதான் எனக்கு இந்த இழையிலேயே மிகப் பெரிய செய்தி. சிவப்புச் சூட்டில் மாறாத பகுதி, ஒஸ்டெனைட்டாகவே, அதாவது சிவந்த சூட்டில் உருக்குக்கு இருக்கும் உள்ளமைப்பாகவே கீழே இறங்கி, பின்னர் மார்ட்டென்சைட், பெய்னைட் என்ற கடின உள்ளமைப்புகளில் ஒன்றாக மாறியிருக்க வேண்டும்.

வில்லுத் தகடுகளுக்குப் பரவலாகப் பயன்படும் குரோமிய வகை உருக்கில் கரிமம் 0.56, மங்கனீசு 0.8, குரோமியம் 0.8 சதவீதம் என்று கொள்வோம். அன்ட்ரூஸ் 1965-இல் தந்த சமன்பாட்டின்படி மார்ட்டென்சைட் 268 பாகையில் தொடங்குகிறது. கொய்ஸ்டினன், மார்பர்கர் இருவரும் 1959-இல் தந்த உறவின்படி, அதுவரை ஒஸ்டெனைட்டாகவே வந்த பகுதியில் 30 பாகைக்குள் 93 சதவீதம் மார்ட்டென்சைட்டாகிவிடும். அதே உருக்கு, மெதுவாக ஆறும்போது வரும் மென்மையான பேர்லைட்டாக ஆறியிருந்தால் எடுக்கும் கனவளவைவிட மார்ட்டென்சைட் ஏறத்தாழ 0.94 சதவீதம் கூடுதலாக எடுக்கும். நீளத்தில் அது 0.31 சதவீதம்.

இனி ஒரு கைக்கணக்கு. வாயிலிருந்து 20 மில்லிமீற்றர் அகலமான பட்டை முழுவதும் மார்ட்டென்சைட்டாகி 0.31 சதவீதம் நீண்டுவிட்டது என்று வைத்து, மற்றப் பகுதி மீள்தன்மையோடு மட்டும் அதை எதிர்க்கிறது என்று கொண்டால், உங்கள் சரிவக வெட்டுமுகத்தின் மையம் வாயிலிருந்து 40 மில்லிமீற்றரில் விழுகிறது. 600 மில்லிமீற்றர் நீளத்துக்கு நடு வளைவு 2.1 மில்லிமீற்றர் வருகிறது. திசையும் பொருந்துகிறது: வாய் நீள்கிறது, முதுகு குழிகிறது. சப்பானிய வாளின் வளைவுக்கும் காரணம் இதுதான். அங்கே முதுகில் களிமண்ணைப் பூசி வேண்டுமென்றே செய்கிறார்கள். உங்கள் பட்டறையில் அந்த வேலையைக் கச்சான் செய்கிறது.

எண்கணிப்பு

கைக்கணக்கு அழகாகப் பொருந்துகிறது. அதனாலேயே கொஞ்சம் அஞ்சுகிறேன். பட்டை முழுவதும் மார்ட்டென்சைட் என்பது மேல் எல்லை. நின்ற காற்றில் ஆறிய அலகில் அது பாதிக்கும் குறைவாக இருக்கலாம். அப்போது மிச்ச வளைவை, முதுகு கடைசியாக ஆறிச் சுருங்கியதற்குத்தான் கொடுக்க வேண்டும். இரண்டு விளைவும் ஒரே திசையில் கூடுகின்றன. எனவே வளைவை மட்டும் அளந்து எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

காற்றைப் பற்றி மட்டும் மாணவியின் கணக்கைத் தொடர்கிறேன். 900 பாகையில் கதிர்வீசலே ஆள்கிறது. காற்று வீசினாலும் நின்றாலும் பெரிய வேறுபாடு இல்லை. இதனால்தான் நாம் எல்லோரும் தொடக்கத்தில் காற்றைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் 600 பாகையில் நிலைமை வேறு. கதிர்வீசல் 26,000 வாற்றாகக் குறைந்துவிடும். நின்ற காற்று 5,700 வாற்று எடுக்கிறது; கதவு வழியே வரும் காற்றுக்குக் குணகத்தை 40 என்று வைத்தால் அது 22,800. மொத்தம் ஒன்றரை மடங்காகிறது. பேர்லைட் மிக விரைவாகத் தோன்றும் சூடும் இந்த அக்கம்பக்கத்தில்தான் இருக்கிறது. வரைபில் அந்த இடத்தை மூக்கு என்பார்கள். மெல்லிய வாய் அந்த மூக்கை உரசிக்கொண்டு போகிறதா, தப்பிப் போகிறதா என்பதை அந்த ஒன்றரை மடங்கு முடிவுசெய்கிறது. ஒரே நாளில் செய்த அலகுகள் ஒரே அளவில் வளையாததற்கும், எதிர்வளைவு கொடுத்தது சிலவற்றில் மட்டும் பலித்ததற்கும் இதற்கு மேல் விளக்கம் தேட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கணிப்பில் இன்னும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மாறிக்கொண்டிருக்கும் உருக்கு, தன் இளகும் தகைப்புக்கு மிகக் கீழான தகைப்பிலும் இணங்கிக் கொடுக்கும். கிரீன்வுட், ஜோன்சன் இருவரும் 1965-இல் விளக்கியது இது. இதைச் சேர்க்காவிட்டால் எஞ்சும் தகைப்பு பொய்யாகப் பெரிதாக வரும். கல்குலிக்சில் இதற்குப் பயனர் துணைநிரல் எழுத வேண்டியிருக்கும். கோட் அஸ்டர் மென்பொருளில் உள்ளமைப்பு மாற்றமும் இந்த இணக்கமும் ஏற்கெனவே உள்ளன, அதுவும் கட்டணமில்லாதது. பழகுவதற்குப் பொறுமை வேண்டும்.

காரைதீவுக் கொல்லன்

கணிப்பு முடியும் வரை மாமாவின் வேலை நிற்க வேண்டியதில்லை. அரிசி ஆலைகளில் உமிச்சாம்பல் மலையாகக் கிடக்கிறது. தகரப் பெட்டி ஒன்றில் ஒரு முழத்துக்கு நிரப்பி, அது நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று பார்த்து, சூடான அலகை வாய் கீழாகப் புதைத்து மூடிவிடுங்கள். மறுநாள் காலை எடுத்தால் அரம் எங்கும் பிடிக்கும். ஈரச் சாம்பல் வேண்டாம். அது தண்ணீரில் முக்கியதற்குச் சமம். பிறகு தோய்ச்சலுக்காகத் தனியாகக் காய்ச்சும்போது வளையத்தான் செய்யும். அது வேறு கதை. அப்போது வாயை மட்டும் காய்ச்சி, செங்குத்தாக இறக்கப் பழக வேண்டும்.

வாவிக்கரை

உருக்காலைகளிலும் உருகிய உருக்கின் மேற்பரப்பு ஆறாமலிருக்க உமிச்சாம்பலைத்தான் போர்த்துகிறார்கள். வெப்பத்தைத் தடுப்பதில் அதற்கு அவ்வளவு பெயர்.

கல்லடி உலைக்களம்

ஆறு அலகுகளைச் சாம்பலில் ஆறவிட்டோம். ஐந்தில் வளைவு அரை மில்லிமீற்றருக்குக் கீழே. ஒன்றில் 1 மில்லிமீற்றர்; அதை எடுத்து வரும் வழியில் குறடு நழுவித் தரையில் விழுந்து, வாய் கறுத்துவிட்டது. அரம் எல்லாவற்றிலும் பிடித்தது, விழுந்த ஒன்றின் நுனியைத் தவிர.

கோட் அஸ்டரில் கணிப்பையும் ஓட்டினேன். ஆறும் வேகத்தைச் சாம்பலுக்கு ஏற்பக் குறைத்தபோது 0.3 மில்லிமீற்றர் வருகிறது. கதவுப்பக்கத்துக் காற்றுக்கு, குணகம் 40-இல் 1.5, 50-இல் 1.9. நான் எந்த எண்ணை எடுக்க வேண்டும் என்பதை அலகின் வளைவைப் பார்த்தே தேர்ந்தெடுத்தால் அது கணிப்பாகாது என்று மாணவி எழுதும் முன்பே சொல்லிவிடுகிறேன். வாயிலும் முதுகிலும் ஒவ்வொரு துளையிட்டுக் கே வகை வெப்பவிணை (சூட்டை அளக்கும் இரட்டைக் கம்பி) செருகி, 900 பாகையிலிருந்து 200 பாகை வரை செக்கனுக்கு ஒரு தடவை பதியப் போகிறேன்.

ஒலுவில் மாணவி

வாயில் துளையிட வேண்டாம் அண்ணா. 3 மில்லிமீற்றர் தடிப்பில் அந்தத் துளையே ஆறும் வேகத்தை மாற்றிவிடும். வெப்பவிணையின் இரண்டு கம்பிகளையும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று 2 மில்லிமீற்றர் இடைவெளியில் மேற்பரப்பிலேயே பொட்டாக ஒட்டுங்கள். முதல் அலகைக் கதவு சாத்தியபடியும் இரண்டாவதைக் கதவு திறந்தபடியும் ஆறவிட்டு, 600 பாகையைச் சுற்றிய சரிவை மட்டும் ஒப்பிட்டால் குணகம் கிடைத்துவிடும்.